கான்ஃபிடன்ஸ்: ‘தன்னம்பிக்கை’யோடு நின்றுவிடாத ஒரு சொல்லுக்கு முழு வழிகாட்டி

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிக் காட்பாடியில் இறங்குவதற்குள், ஸ்போக்கன் இங்கிலீஷ் பலகை ஒன்றிலாவது ‘கான்ஃபிடன்ஸ்’ கண்ணில் பட்டுவிடும். படிக்காதவர்களுக்கும் தெரிந்த சொல் இது. “பையனுக்குக் கான்ஃபிடன்ஸ் பத்தல”, “இன்னா கான்ஃபிடன்ட்டா பொய் சொல்லினுகீறான் பாரு” என்று டீக்கடையில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. ஆங்கிலச் சொல் என்பதையே பாதிப்பேர் மறந்துவிட்டோம்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. நாம் எடுத்துக்கொண்டது அந்தச் சொல்லின் ஒரு மூலையை மட்டும். பள்ளியில் ‘கான்ஃபிடன்ஸ் என்றால் தன்னம்பிக்கை’ என்று எழுதிப் படித்தோம், அதோடு விட்டோம். பிறகு ஒரு கடிதத்தில் ‘இன் ஸ்ட்ரிக்டஸ்ட் கான்ஃபிடன்ஸ்’ என்று வந்தால் விழிக்கிறோம். செய்தித்தாளில் ‘கான்ஃபிடன்ஸ் மோஷன்’ என்று வந்தால் அது வேறு ஏதோ சொல் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எல்லாம் ஒன்றுதான். கான்ஃபிடன்ஸ் என்பது அடிப்படையில் ஒருவர் மற்றொருவர் மேல் வைக்கும் நம்பிக்கை. தன்மேல் தானே வைப்பது அதில் ஒரு வகை. ‘இங்கே யார் யாரை நம்புகிறார்கள்?’ என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளில் ஏறினால் பெரும்பாலான குழப்பம் தானாகத் தீரும்.

படி 1: வேரைப் பிடிப்பது

இலத்தீனில் ‘ஃபிதெஸ்’ என்றால் நம்பிக்கை, ‘ஃபிதெரே’ என்றால் நம்புவது. அதற்கு முன்னால் ‘கோன்’ சேர்த்தால் ‘முழுக்க நம்புவது’. இந்த வேரிலிருந்து வந்த சொல் ஆங்கிலத்துக்குள் புகுந்து சுமார் 600 ஆண்டுகள் ஆகின்றன.

இலத்தீன் நமக்கு எங்கே என்று கேட்க வேண்டாம். ஊரிஸ் கல்லூரியிலோ முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியிலோ படித்தவர்கள் ஸ்காலர்ஷிப்புக்கும் பஸ் பாஸுக்கும் அலுவலகத்தில் வாங்கும் போனஃபைட் சர்டிஃபிகேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ‘போனா ஃபிதே’ என்றால் ‘நல்ல நம்பிக்கையோடு’. இந்தப் பிள்ளை நிஜமாகவே எங்கள் மாணவர், நம்பலாம் என்று கல்லூரி சொல்லும் சாட்சி அது. சத்துவாச்சாரி கோர்ட்டில் வக்கீல் தாக்கல் செய்யும் அஃபிடவிட்டும் இதே வேர்தான். நம்பச் சொல்லி சத்தியம் செய்துகொடுக்கும் தாள். நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளையைக் குறிக்கும் ‘ஃபியான்ஸே’யும் இந்தக் குடும்பம்தான்.

எதிர்ச்சொல்லையும் இப்போதே பார்த்துவிடலாம். ‘டிஃபிடன்ட்’ என்றால் தன்மேல் நம்பிக்கை இல்லாமல் கூச்சப்படுபவர். ‘டிஃபரன்ட்’ வேறு. ‘அன்கான்ஃபிடன்ட்’ என்று பலர் சொல்கிறார்கள். அகராதியில் இருந்தாலும் பேச்சில் ‘நாட் கான்ஃபிடன்ட்’, ‘லேக்ஸ் கான்ஃபிடன்ஸ்’ என்பவைதான் இயல்பு.

படி 2: வாய்க்குக் கொண்டுவருவது

முதல் தடை நடுவில் வரும் ‘ஃபி’. ‘கான்பிடன்ஸ்’ என்று சொன்னாலும் புரியும். ஆனால் கேட்பவருக்கு உடனே காதில் இடறும். கீழுதட்டின் மேல் மேற்பற்களை மெல்ல வைத்துக் காற்றை விட வேண்டும், உதடுகள் இரண்டும் ஒட்டக் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சொல்லிக்கொடுக்காமலே வரும். ‘சாஃப்’, ‘மாஃப்’ என்று சிறுவயதிலிருந்தே சொல்லிப் பழகிய ஒலி. பக்கத்து வீட்டு நண்பர் இருந்தால் அவர் வாயைப் பார்த்துப் பழகுங்கள், எந்த வீடியோவும் தேவையில்லை.

இரண்டாவது, அழுத்தம். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு அசை ஓங்கும், மற்றவை அடங்கும். கான்ஃபிடன்ஸ், கான்ஃபிடன்ட் இரண்டிலும் ‘கான்’ ஓங்க வேண்டும். ‘கான்ஃபிடென்ஷல்’ என்னும்போது அழுத்தம் மூன்றாம் அசையான ‘டென்’னுக்குப் போகும். ‘கன்ஃபைட்’ என்ற வினையில் ‘ஃபைட்’ ஓங்கும். அது சண்டை ‘ஃபைட்’ போல ‘ட்’டில் முடியாமல் ‘சைடு’ போல மென்மையாக முடியும். நாலையும் வரிசையாகச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அழுத்தம் நகர்வது காதுக்குப் பிடிபட்டால் போதும்.

படி 3: பெயர்ச்சொல்லை எண்ணாமல் இருப்பது

கான்ஃபிடன்ஸ் எண்ணிக்கைக்குள் வராத பெயர். தண்ணீர், பாசம் மாதிரி. ‘மெனி கான்ஃபிடன்ஸ்’ தவறு, ‘எ லாட் ஆஃப் கான்ஃபிடன்ஸ்’ சரி. பன்மையில் ‘கான்ஃபிடன்சஸ்’ என்று எங்காவது வந்தால் அர்த்தமே மாறிவிடும்: ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்ட ரகசியங்கள். இதற்குப் படி 5-இல் வருகிறேன்.

“எனக்கு நம்பிக்கை இருக்கிறது” என்பதை அப்படியே தூக்கிவைத்து ‘ஐ ஆம் ஹேவிங் கான்ஃபிடன்ஸ்’ என்பது நம் பக்கத்துப் பழக்கம். ‘ஐ ஹேவ் கான்ஃபிடன்ஸ்’ போதும். ‘ஐ ஆம் வெரி கான்ஃபிடன்ஸ்’ என்பது அதைவிட அதிகமாகக் கேட்கும் தவறு. அந்த இடத்தில் பெயரடை வேண்டும், ‘ஐ ஆம் வெரி கான்ஃபிடன்ட்’. ‘மை கான்ஃபிடன்ஸ் லெவல் இஸ் லோ’ நம் நாட்டு ஆங்கிலத்தில் எல்லோருக்கும் புரியும், தப்பென்று சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் வெளிநாட்டவர் காதில் ‘கான்ஃபிடன்ஸ் லெவல்’ புள்ளியியல் பாடம் போல ஒலிக்கும். ‘லெவல்’ஐ எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும்.

கூடச் சேரும் வினைகள்: கெயின், பில்ட், பூஸ்ட், ஷேக், லூஸ், ரிகெயின். ‘இன்க்ரீஸ்’ தப்பில்லை, ஆனால் ‘பில்ட்’ வாய்க்கு இயல்பாக வரும்.

படி 4: ஒட்டும் சிறு சொற்கள்

மொத்த வழிகாட்டியிலும் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. இங்கே தப்பினால் நல்ல இலக்கணம் தெரிந்தவரும் தடுமாறுவார்.

தமிழில் நம்பிக்கை ‘மேல்’ வைக்கிறோம். “உன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு.” அந்த ‘மேல்’தான் ‘ஆன்’ ஆகி, ‘ஐ ஹேவ் கான்ஃபிடன்ஸ் ஆன் யூ’ என்று வெளியே வருகிறது. ஆங்கிலத்தில் நம்பிக்கையை ஒருவருக்கு ‘உள்ளே’ வைக்கிறார்கள்: ‘ஐ ஹேவ் கான்ஃபிடன்ஸ் இன் யூ.’ இதில் ஏன் எதற்கு என்று கேட்காமல் மனப்பாடம் செய்துவிடுவதே மேல்.

பெயரடைக்கு வரும்போது வாசல்கள் கூடுகின்றன. ‘கான்ஃபிடன்ட் இன்’ என்றால் திறமையிலோ ஆளிலோ நம்பிக்கை: ‘ஷி இஸ் கான்ஃபிடன்ட் இன் ஹர் டிரைவிங்.’ ‘கான்ஃபிடன்ட் ஆஃப்’ என்றால் கிடைக்கப்போகும் முடிவில் நம்பிக்கை: ‘ஹி இஸ் கான்ஃபிடன்ட் ஆஃப் வின்னிங்.’ ‘கான்ஃபிடன்ட் அபவுட்’ என்றால் ஒரு விஷயம் குறித்துக் கவலை இல்லை: ‘ஐ ஆம் கான்ஃபிடன்ட் அபவுட் டுமாரோஸ் எக்ஸாம்.’ முழு வாக்கியம் பின்னால் வந்தால் ‘தட்’: ‘வி ஆர் கான்ஃபிடன்ட் தட் த டிரெயின் வில் பி ஆன் டைம்.’ காட்பாடி ஜங்ஷனில் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும் என்பது வேறு விஷயம்.

பரீட்சையையே எடுத்துக்கொண்டால் வித்தியாசம் தெளிவாகும். ‘அபவுட் த எக்ஸாம்’ என்றால் பரீட்சை எழுதப் பயமில்லை. ‘ஆஃப் பாஸிங்’ என்றால் தேறிவிடுவேன் என்ற உறுதி. ‘இன் மை ப்ரிபரேஷன்’ என்றால் படித்த படிப்பில் நம்பிக்கை. ‘எக்ஸாமுக்குக் கான்ஃபிடன்ட்டா இருக்கேன்’ என்ற ஒரே தமிழ்ப் பேச்சில் மூன்றும் அடங்கிவிடும்; ஆங்கிலம் எதைச் சொல்கிறாய் என்று கேட்கும்.

இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. ‘லூஸ் கான்ஃபிடன்ஸ் இன்’ ஒன்று, ‘லூஸ் த கான்ஃபிடன்ஸ் ஆஃப்’ வேறு. முதலில் எழுவாய் நம்பிக்கை வைத்தவர். இரண்டாவதில் எழுவாய் நம்பப்பட்டவர். உதாரணத்துக்கு வெளியூர் போக வேண்டாம். 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதுவகைத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்று வந்த ராணுவ உத்தரவுகள் மூட்டிய நெருப்பு அது. அப்போது சென்னை மாகாண கவர்னர் வில்லியம் பெண்டிங்க், படைத் தளபதி ஜான் கிராடக். லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் இருவரையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இதை இரண்டு விதமாக எழுதலாம். ‘த டைரக்டர்ஸ் லாஸ்ட் கான்ஃபிடன்ஸ் இன் பெண்டிங்க்’ என்றால், இயக்குநர்கள் பெண்டிங்க் மேல் நம்பிக்கை இழந்தார்கள். ‘பெண்டிங்க் லாஸ்ட் த கான்ஃபிடன்ஸ் ஆஃப் த டைரக்டர்ஸ்’ என்றால், பெண்டிங்க் அவர்களின் நம்பிக்கையை இழந்தார். நடந்தது ஒன்று, எழுவாய் வேறு, ஒட்டுச்சொல் வேறு. ‘ரிகெயின்’ என்ற வினைக்கும் அவரே உதாரணம்: 1828-இல் அதே பெண்டிங்க் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார்.

படி 5: ரகசியத்தின் பக்கம்

தன்னம்பிக்கையை மட்டும் படித்தவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. ‘இன் கான்ஃபிடன்ஸ்’ என்றால் தன்னம்பிக்கையோடு என்று பொருளில்லை. ரகசியமாக, வெளியே சொல்லமாட்டீர்கள் என்று நம்பி. ‘ஐ ஆம் டெல்லிங் யூ திஸ் இன் கான்ஃபிடன்ஸ்’ என்பது “உன்னை நம்பித்தான் சொல்றன், வெளியே போகக்கூடாது” என்பதற்குச் சமம். தன்னம்பிக்கையோடு என்று சொல்ல ‘வித் கான்ஃபிடன்ஸ்’. ‘இன்’, ‘வித்’ இரண்டையும் மாற்றிப்போட்டால் மேடையில் பேசப்போகிறவர் காதில் கிசுகிசுக்கப்போகிறவர் ஆகிவிடுவார்.

வேலைவாய்ப்பு விளம்பரத்தில் ‘அப்ளிகேஷன்ஸ் வில் பி ட்ரீட்டட் இன் ஸ்ட்ரிக்டஸ்ட் கான்ஃபிடன்ஸ்’ என்று இருந்தால், நீங்கள் விண்ணப்பித்தது இப்போதைய முதலாளிக்குத் தெரியாது என்று உறுதி சொல்கிறார்கள். ‘டேக் சம்ஒன் இன்டு யுவர் கான்ஃபிடன்ஸ்’ என்றால் ஒருவரை நம்பி விஷயத்தைச் சொல்வது. நம்மூர் அரசியல் செய்திகளில் வரும் ‘டேக் இன்டு கான்ஃபிடன்ஸ்’ கொஞ்சம் வேறு. அங்கே அது “கலந்து பேசி முடிவெடுத்தார்கள்” என்ற அளவுக்கு நீர்த்துவிட்டது.

இதே வேரில் ‘கன்ஃபைட்’ வினை. ஒருவரிடம் மனம்விட்டு ரகசியம் சொல்வது, ‘கன்ஃபைட் இன்’. அப்படிச் சொல்லக் கிடைத்த ஆள் ‘கான்ஃபிடான்ட்’. ஆங்கில எழுத்தில் கான்ஃபிடன்டுக்கும் இதற்கும் ஒரே எழுத்து வித்தியாசம்: முன்னதில் ‘இ’, பின்னதில் ‘ஏ’. கடைசி அசையை ‘டான்ட்’ என்று நீட்டிச் சொன்னால் எழுத்தும் நினைவில் நிற்கும்.

‘கான்ஃபிடென்ஷல்’ நம் ஊருக்கு அன்றாடச் சொல். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளம், அசாம், ஆந்திரா என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். பாஷை தெரியாத ஊரில் அவர்களுக்கும் நமக்கும் இடையில் பாலம் பெரும்பாலும் உடைந்த இந்தியும் உடைந்த ஆங்கிலமும்தான். ஒருவரின் மருத்துவக் குறிப்பு ‘கான்ஃபிடென்ஷல்’ என்றால், நோயாளி நம்பிச் சொன்னதை மருத்துவர் பிறரிடம் சொல்லக்கூடாது. மருத்துவரைப் பாராட்டவும் இதே குடும்பச் சொல்தான்: ‘டாக்டர், ஐ ஹேவ் எவ்ரி கான்ஃபிடன்ஸ் இன் யூ.’ “உங்களைத்தான் முழுசா நம்பி வந்திருக்கோம் டாக்டரம்மா” என்று நம் பாட்டிகள் சொல்வது இதுதான். அரசு ஊழியர்கள் பற்றி மேலதிகாரி எழுதிவந்த ரகசிய அறிக்கையும் ‘கான்ஃபிடென்ஷல் ரிப்போர்ட்’.

இதில் ஒரு விபத்து அடிக்கடி நடக்கிறது. ‘கான்ஃபிடன்ட்லி’ என்பதற்குப் பதில் ‘கான்ஃபிடென்ஷலி’ என்று வாய் தவறுவது. ‘ஐ கேன் கான்ஃபிடென்ஷலி சே’ என்று நேர்முகத் தேர்வில் ஆரம்பித்தால், எதிரே இருப்பவர் ஏதோ ரகசியம் வரப்போகிறது என்று நாற்காலியை முன்னே இழுப்பார்.

மறுபடி கோட்டைக்கு. கிளர்ச்சிக்குச் சில வாரங்கள் முன்பே முஸ்தஃபா பேக் என்ற சிப்பாய் தன் ஆங்கிலேய அதிகாரியிடம் போய்ச் சதி நடக்கிறது என்று சொன்னார். நம்பவில்லை, பைத்தியம் என்று பிடித்து அடைத்துவைத்தார்கள். அவர் சொன்னது ‘இன் கான்ஃபிடன்ஸ்’. அவர் மேல் அவர்களுக்குக் ‘கான்ஃபிடன்ஸ்’ இல்லை. சொல்லின் இரு முகத்தையும் ஒரே சம்பவத்தில் இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை.

படி 6: சபையிலும் செய்தியிலும்

‘நோ கான்ஃபிடன்ஸ் மோஷன்’ நம்பிக்கையில்லாத் தீர்மானம், ‘கான்ஃபிடன்ஸ் மோஷன்’ நம்பிக்கை கோரும் தீர்மானம். முன்னதை எதிர்த்தரப்பு கொண்டுவரும், பின்னதை அரசே கொண்டுவரும். மக்களவையில் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 1963 ஆகஸ்டில் நேரு அரசுக்கு எதிராக ஜே. பி. கிருபளானி கொண்டுவந்தார், அது தோற்றது. ஒரே ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்த கதை வேண்டுமென்றால் 1999 ஏப்ரல் 17: வாஜ்பாய் அரசுக்கு ஆதரவாக 269, எதிராக 270. தமிழகச் சட்டமன்றத்தில் 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி 122-க்கு 11 என்று வென்றார். எழுதும்போது ‘த கவர்ன்மென்ட் என்ஜாய்ஸ் த கான்ஃபிடன்ஸ் ஆஃப் த ஹவுஸ்’ என்பார்கள். இங்கே ‘என்ஜாய்’ என்பது கொண்டாட்டம் அல்ல, பெற்றிருக்கிறது என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. ‘வி ஹேவ் ஃபுல் கான்ஃபிடன்ஸ் இன் த கோச்’ என்று ஒரு விளையாட்டு அணி நிர்வாகம் பத்திரிகையில் சொன்னால், பயிற்சியாளர் பெட்டி கட்டத் தொடங்கலாம் என்பது இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர்களின் பழைய நையாண்டி. நம்பிக்கை உறுதியாக இருக்கும் இடத்தில் அதை யாரும் அறிக்கை விட்டுச் சொல்வதில்லை.

ரிசர்வ் வங்கி நடத்தும் ‘கன்ஸ்யூமர் கான்ஃபிடன்ஸ் சர்வே’ என்றால், விலைவாசி, வேலை, வருமானம் பற்றி நுகர்வோர் என்ன நினைக்கிறார்கள் என்ற கணிப்பு. எல்லைச் செய்திகளில் ‘கான்ஃபிடன்ஸ் பில்டிங் மெஷர்ஸ்’ என்று வரும். இந்தியாவும் சீனாவும் 1996-இல் எல்லைக்கோட்டை ஒட்டி இந்தப் பெயரில் ஓர் ஒப்பந்தமே போட்டன. யாருடைய தன்னம்பிக்கையையும் வளர்க்கும் ஏற்பாடு இல்லை அது. ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம் குறைய வழி.

படி 7: ஏமாற்றுக்காரனும் கணக்கு வாத்தியாரும்

‘கான் மேன்’ என்பதில் உள்ள ‘கான்’ இதே கான்ஃபிடன்ஸின் வெட்டுத்துண்டு. 1849-இல் நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்பவன், வழியில் போகும் கனவான்களிடம் பழகியவன் போல் பேச்சுக்கொடுத்து, “நாளைவரை உங்கள் கடிகாரத்தை என்னிடம் விட்டுவைக்கும் அளவுக்கு என் மேல் நம்பிக்கை உண்டா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவான். பிடிபட்டதும் பத்திரிகைகள் அவனுக்கு வைத்த பெயர் ‘கான்ஃபிடன்ஸ் மேன்’. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று தமிழில் சொல்வோமே, அதுதான். லட்சத்துக்கு மாதாமாதம் கேட்காத வட்டி தருகிறேன் என்ற பேச்சை நம்பிப் பணம் போட்ட குடும்பங்கள் வடாற்காட்டில் பல உண்டு என்பதால் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

புள்ளியியலில் ‘கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்’ வரும். கொஞ்சம் மாதிரி எடுத்து மொத்தத்தைக் கணிக்கும்போது, விடை இதிலிருந்து இதுவரை என்று போடும் எல்லை அது. ஜெர்சி நெய்மன் 1937-இல் ஒழுங்குபடுத்திக் கொடுத்த கருத்து. ‘95 சதவீத கான்ஃபிடன்ஸ்’ என்றால், விடை இந்த எல்லைக்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து எல்லை போட்டால், நூற்றுக்குச் சுமார் 95 எல்லைகள் உண்மை மதிப்பைப் பிடிக்கும். நம்பிக்கை முறையின் மேல். கையில் இருக்கும் இந்த ஓர் எல்லையின் மேல் அல்ல.

படி 8: எவ்வளவு உறுதி என்று அளந்து எழுதுவது

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல், ஷூ ஏற்றுமதி அலுவலகங்களில் மெயில் எழுதும் பிள்ளைகள் இந்தப் படியை இரண்டுமுறை படிக்கலாம். தமிழில் “15-ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுவோம்னு நம்புறோம்” என்ற ஒரு வாக்கியம் பல அளவு உறுதியைத் தாங்கும். ஆங்கிலத்தில் ஏணி தனித்தனி.

‘வி ஹோப் டு ஷிப்’ என்றால் ஆசைதான், கைகூடலாம், கூடாமலும் போகலாம். ‘வி எக்ஸ்பெக்ட் டு ஷிப்’ என்றால் திட்டப்படி போனால் நடக்கும். ‘வி ஆர் கான்ஃபிடன்ட் ஆஃப் ஷிப்பிங்’ என்றால் காரணத்தோடு நம்புகிறோம், ஆனால் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. ‘வி ஆர் சர்ட்டன்’ அதற்கும் மேலே. ‘வி கேரன்ட்டி’ என்றால் தவறினால் நஷ்டம் உங்கள் தலையில். வாங்குபவர் இந்த வித்தியாசத்தைக் கவனித்துத்தான் படிப்பார். தோல் இன்னும் டேனரியை விட்டே வரவில்லை என்றால் ‘கான்ஃபிடன்ட்’ வேண்டாம், ‘எக்ஸ்பெக்ட்’டில் நில்லுங்கள்.

‘நம்பிக்கை’ என்ற நம் ஒற்றைச் சொல் ஆங்கிலத்தில் எத்தனையாகப் பிரிகிறது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளலாம். மழை வரும் என்ற எதிர்பார்ப்பு ‘ஹோப்’. பாலாற்றங்கரையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் வாழ்கிறார்கள். கடவுள்மேல் வைப்பது ‘ஃபெய்த்’. உண்மை என்று ஏற்பது ‘பிலீஃப்’. ஓர் ஆளின் நேர்மையை நம்புவது ‘ட்ரஸ்ட்’. அவர் செய்து முடிப்பார் என்று நம்புவது ‘கான்ஃபிடன்ஸ்’. பணப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகலாம், ஆனால் காரோட்டச் சொல்ல பயம் என்ற மாமா ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார். அவர்மேல் நமக்கு ‘ட்ரஸ்ட்’ உண்டு, அவர் டிரைவிங் மேல் ‘கான்ஃபிடன்ஸ்’ இல்லை.

படி 9: அக்கம்பக்கத்துச் சொற்கள்

‘அஷ்யூரன்ஸ்’ இரண்டு வேலை செய்யும். ஒன்று, நிதானமான தன்னம்பிக்கை. இன்னொன்று, வாக்குறுதி. அரசு உறுதிமொழிக் குழு மாவட்டத்துக்கு வந்தது என்று செய்தி வருமே, அந்த உறுதிமொழி ‘அஷ்யூரன்ஸ்’. எல்ஐசி பாண்டில் இருக்கும் ‘சம் அஷ்யூர்ட்’டும் இதே சொல்.

‘அப்ளாம்’ எனக்கு மிகவும் பிடித்தது. நெருக்கடியிலும் அசையாத தெளிவு. பிரெஞ்சில் ‘ஈயக்குண்டின்படி’ என்று பொருள். கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தொங்கவிடும் தூக்குக்குண்டுதான் அது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஷி ஆன்சர்ட் த கொஸ்டின்ஸ் வித் அப்ளாம்.’ பேச்சில் அதிகம் வராது, எழுத்தில் அழகு. உடல்மொழியின் அமைதி சேர்ந்தால் ‘பாய்ஸ்’.

அளவு மிஞ்சினால் ‘ஓவர்கான்ஃபிடன்ட்’. அது மற்றவர்களை எரிச்சலூட்டும் அளவுக்குப் போனால் ‘காக்கி’. போலீஸ் காக்கிக்கும் இதற்கும் உறவில்லை, ‘சேவல்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் ‘அசட்டு தைரியம்’ ஓவர்கான்ஃபிடன்ஸுக்குக் கிட்டத்தில் நிற்கும்.

‘கன்ஃபார்ம்’ இந்தக் கூட்டத்தில் நுழைந்துவிட்ட வெளியாள். “கன்ஃபார்மா வரேன்” என்று தமிழில் தாராளமாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் கன்ஃபார்ம்’ கிடையாது. டிக்கெட்தான் ‘கன்ஃபார்ம்ட்’ ஆகும். ஆள் ‘ஷ்யூர்’ ஆக இருப்பார்.

படி 10: நேர்முகத் தேர்வில்

‘ஐ ஆம் எ கான்ஃபிடன்ட், ஹார்ட்வொர்க்கிங் பர்சன்’ என்ற வரியை எல்லா பயோடேட்டாவிலும் எல்லோரும் எழுதியிருப்பதால் யாரும் படிப்பதில்லை. என் யோசனை: இந்தச் சொல்லை உங்கள் குணத்துக்கு ஒட்டாமல் ஒரு வேலைக்கு ஒட்டுங்கள். ‘ஐ ஆம் கான்ஃபிடன்ட் வித் டேலி’, ‘ஐ ஆம் கான்ஃபிடன்ட் ஸ்பீக்கிங் டு கஸ்டமர்ஸ் இன் தமிழ், தெலுங்கு அண்ட் உருது’ என்று சொன்னால் கேட்பவர் அடுத்த கேள்வியைக் கேட்க ஒரு பிடி கிடைக்கும். எல்லை மாவட்டத்தில் பிறந்ததால் கூடுதல் பாஷை நம் பிள்ளைகளிடம் சும்மாவே இருக்கிறது, அதைச் சொல்ல ஏன் கூச்சம்?

தெரியாத கேள்வி வந்தால் ‘ஐ ஆம் நாட் ஷ்யூர், பட் ஐ கேன் ஃபைண்ட் அவுட்’ என்று சொல்வது டிஃபிடன்ஸ் அல்ல.

படி 11: எழுதிப் பார்ப்பது

கீழே உள்ளவற்றை விடையைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். முன்னே சொன்ன கேள்வியையே கேட்டுக்கொள்ளுங்கள்: யார், யாரை, எதற்காக நம்புகிறார்கள்?

“எங்க அக்கா நல்லா சமைப்பான்னு எனக்கு நம்பிக்கை இருக்கு.” ஆளின் திறமை, எனவே ‘இன்’: ஐ ஹேவ் கான்ஃபிடன்ஸ் இன் மை சிஸ்டர்ஸ் குக்கிங்.

“சீட் கிடைச்சிடும்னு உறுதியா இருக்கான்.” முடிவு, எனவே ‘ஆஃப்’: ஹி இஸ் கான்ஃபிடன்ட் ஆஃப் கெட்டிங் எ சீட்.

“மேனேஜர்கிட்ட தனியா நம்பிச் சொன்னேன், அவர் ஊரெல்லாம் சொல்லிட்டார்.” ஐ டோல்ட் த மேனேஜர் இன் கான்ஃபிடன்ஸ், பட் ஹி டோல்ட் எவ்ரிஒன்.

“மாமா மனசுவிட்டுப் பேசறது பாட்டிகிட்ட மட்டும்தான்.” அங்கிள் கன்ஃபைட்ஸ் ஒன்லி இன் கிராண்ட்மதர்.

“கட்சிக்காரங்க நம்பிக்கையைத் தலைவர் இழந்துட்டார்.” நம்பப்பட்டவர் எழுவாய்: த லீடர் ஹேஸ் லாஸ்ட் த கான்ஃபிடன்ஸ் ஆஃப் ஹிஸ் பார்ட்டி.

“நாளைக்குக் கன்ஃபார்மா வந்துடுவேன் சார்.” இதில் கான்ஃபிடன்ஸும் வேண்டாம், கன்ஃபார்மும் வேண்டாம்: ஐ வில் டெஃபனிட்லி கம் டுமாரோ, சார்.